அச்சிலிருந்து கரத்திற்கு: மோட்டார் வண்டியின் முன்சக்கரம் விடுதலை பெற்ற வரலாறு

வண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சக்கரத்தில் தொடங்கி எஞ்சினில் முடிப்பர். சக்கரம் உருண்டது, நீராவி வந்தது, பெட்ரோல் வந்தது, வேகம் மிகுந்தது என்பதோடு அவர்தம் கதை நிறைவெய்தும். சக்கரத்திற்கும் வண்டியுடலுக்கும் இடையே நின்று, சாலையின் மேடுபள்ளங்களையெல்லாம் தாம் வாங்கிக்கொண்டு, ஓட்டுநர் எண்ணிய திசையினின்று சக்கரம் பிறழாதபடி காத்துவரும் உறுப்புகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பட்டறைகளில் 'சஸ்பென்ஷன்' என வழங்கும் தாங்கமைப்பைச் சேர்ந்தவை அவ்வுறுப்புகள். அவற்றுள் முதன்மையானது 'கண்ட்ரோல் ஆர்ம்' எனப்படும் கட்டுப்பாட்டுக் கரம். ஏறத்தாழ ஒரு முழ நீளமே உள்ள அந்த இரும்புக் கரம் இன்றைய உருவைப் பெறுவதற்குப் பல நாட்டு அறிஞர்களின் உழைப்பு தேவைப்பட்டது.

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், பாரம் அளவு கடந்தால் வண்டியின் அச்சு முறியும் என்பதை உவமையாக எடுத்தாண்டார். வண்டியின் வலிமைக்கு அச்சே அளவுகோல் என்பது தொன்றுதொட்டு அறியப்பட்ட உண்மை. மாட்டு வண்டியிலும் தேரிலும் குதிரை வண்டியிலும் அச்சு இன்றிச் சக்கரம் இல்லை. அத்தகைய அச்சை வண்டியின் முன்புறத்திலிருந்து நீக்கிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்திற்கும் தனித்தனியே கரம் அமைத்ததுதான் 20ஆம் நூற்றாண்டு செய்த புதுமை. அப்புதுமையின் வரலாற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சின் ஆட்சி

பழைய குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் ஒரு நடு ஆணியைச் சுற்றித் திரும்பும். திருப்பம் கூர்மையாக இருந்தால் வண்டி கவிழும் அச்சம் உண்டு. முனிச் நகரைச் சேர்ந்த வண்டிச் செய்வினைஞர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கொரு மாற்றுக் கண்டார். அச்சு அசையாதிருக்க, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனி ஆணிகளைச் சுற்றித் திரும்பும்படி அவர் அமைத்தார். 1818ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றவர் அவருடைய முகவரான ருடால்ஃப் ஆக்கர்மன். அதனால் உழைத்தவரின் பெயர் மறைந்து, பதிவு செய்தவரின் பெயரே இன்றளவும் அவ்வமைப்புக்கு நிலைத்துவிட்டது.

மோட்டார் வண்டி தோன்றியபோது, இந்த அச்சையும் அதன்மேல் கட்டப்பட்ட தகட்டு வில்லையும் குதிரை வண்டியிடமிருந்தே அது பெற்றுக்கொண்டது. குதிரையின் வேகத்திற்கு இவை போதுமானவையாக இருந்தன. வேகம் மிகுந்தபோதுதான் குறை வெளிப்பட்டது. ஒரே அச்சில் பிணைக்கப்பட்ட இரு சக்கரங்களுள் ஒன்று கல்லின்மேல் ஏறினால் மற்றொன்றும் சாயும். சுழலும் பம்பரத்தைச் சாய்க்க முயன்றால், அது சாய்க்கும் திசையில் செல்லாமல் வேறொரு திசையில் திரும்புவதை மாணவர் அறிவர். விரைந்து சுழலும் சக்கரமும் அத்தகையதே. சாயும்போது அது பக்கவாட்டில் திரும்ப முனையும். அத்திருப்பம் மீண்டும் சாய்வை உண்டாக்கும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து, முன்சக்கரங்கள் இரண்டும் வெறிகொண்டாற்போல் ஆடத் தொடங்கும். ஓட்டுநர் கையிலுள்ள ஸ்டீயரிங் உதறும்.

1920களில் வந்த இரண்டு நல்ல மாற்றங்கள் இத்தீமையைப் பெருக்கின. முன்சக்கரங்களிலும் பிரேக் பொருத்தப்பட்டது ஒன்று. குறைந்த காற்றழுத்தமுடைய பருத்த டயர்கள் வந்தது மற்றொன்று. முன்னது அச்சின் சுமையை மிகுவித்தது. பின்னது சக்கரத்தின் ஆட்டத்தை எளிதாக்கியது. அக்காலப் பொறியாளர் கண்ட மருந்து, முன்வில்லை இறுக்கமாக்கி, அச்சு அசையவே இடந்தராதிருப்பதாகும். அதனால் ஆட்டம் ஓரளவு அடங்கிற்று. பயணிகளின் முதுகு அதற்கு விலை கொடுத்தது.

அச்சை முற்றிலும் நீக்கத் துணிந்தோரும் அந்நாளில் இல்லாமலில்லை. பிரான்சில் 1898ஆம் ஆண்டிலேயே டெக்கோவில் என்னும் சிறு வண்டியின் முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கின. இங்கிலாந்தின் மார்கன் வண்டியில் 1910 முதல் சக்கரங்கள் நின்ற தூண்களில் ஏறி இறங்கின. இத்தாலியின் வின்சென்சோ லான்சியா 1922இல் வெளியிட்ட லாம்டா வண்டியும் அவ்வகையினதே. எனினும் இவை தனி விளக்குகளாகவே ஒளிர்ந்தன. பேரளவு உற்பத்தி செய்த தொழிலகங்கள் அச்சையே பற்றி நின்றன.

ஆலியின் சோதனை வண்டி

பிரிட்டனில் பிறந்து, ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பயின்ற மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் 1930இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். வண்டியில் செல்வோர்க்கு வசதியான ஓட்டம் என்பது எதனால் அமைகிறது என்ற வினாவுக்கு விடை காண்பதே அவர் மேற்கொண்ட பணி. வசதியை அளக்கும் கருவி எதுவும் அப்போது இல்லை. ஆகவே ஆலி குழுவினர், பாரங்களை முன்னும் பின்னும் இடம்மாற்றி வைக்கத்தக்க ஒரு சோதனை வண்டியை அமைத்து, அதில் தாமே ஏறி அமர்ந்து, பல நிலைகளிலும் ஓட்டிப் பார்த்தனர். மனித உடலே அவர்களுடைய அளவுகோலாயிற்று.

அச்சோதனையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அதுவரை எல்லோரும் முன்வில்லை இறுக்கமாகவும் பின்வில்லை நெகிழ்வாகவும் அமைத்து வந்தனர். அதற்கு நேர்மாறாக, முன்வில் நெகிழ்ந்தும் பின்வில் சற்று இறுகியும் இருந்தபோதே வண்டி மட்டமாகச் சென்றது. காரணம் எளியது. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம்; பின்சக்கரம் சற்றுப் பிந்தியே ஏறும். பின்புறம் சற்று விரைவாக அசையுமாயின், முந்திச் சென்ற முன்புறத்தின் அசைவை அது எட்டிப் பிடித்துவிடும். அதனால் வண்டி ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடாது.

ஆயின் முன்வில்லை நெகிழ்த்தினால், அச்சில் பிணைந்த சக்கரங்களின் வெறியாட்டம் திரும்பி வந்துவிடும். எனவே வசதி வேண்டுமாயின் அச்சு நீங்கியே ஆக வேண்டும். முன் அச்சை நீக்கியது வேகத்திற்காக மட்டுமே நிகழ்ந்ததன்று. பயணியின் நலத்தைத் தேடிய ஆராய்ச்சியும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தது என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

1933ஆம் ஆண்டில் இரண்டு காடிலாக் சோதனை வண்டிகள் நிறுவனத் தலைவர்களுக்கு ஓட்டிக் காட்டப்பட்டன. ஒன்றில் பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே டுபோன்னே வகுத்த அமைப்பு இருந்தது. அதில் வில் ஓர் எண்ணெய்க் கூட்டினுள் அடைக்கப்பட்டிருக்கும். மற்றொன்றில் மேலொன்றும் கீழொன்றுமாக இரு கவைக்கரங்கள் இருந்தன. கோழியின் கவை நெஞ்செலும்பை ஒத்திருந்தமையால் ஆங்கிலேயர் அக்கரத்திற்கு அவ்வெலும்பின் பெயரையே இட்டனர். அதே ஆண்டு ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனமும், இரட்டைக் கவைக்கரங்களும் சுருள்வில்லும் கொண்ட 380 என்னும் வண்டியைப் பெர்லின் கண்காட்சியில் வைத்தது.

அது பெரும் பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலம். தொழிலாளர் வேலையிழந்து நின்ற அந்நாளில், புதிய இயந்திரங்களுக்குப் பெரும்பொருள் செலவிட்டு அச்சை மாற்றுவது எளிய முடிவன்று. எனினும் ஜெனரல் மோட்டார்ஸ் துணிந்தது. 1934ஆம் ஆண்டின் காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் கவைக்கரங்களும், செவ்ரொலே, பாண்டியாக் வண்டிகளில் டுபோன்னே அமைப்பும் இடம்பெற்றன. முழங்கால் மடங்கி நிமிர்வதுபோல் சக்கரம் இயங்கியதால், 'முழங்கால் இயக்கம்' என்று அதை விளம்பரம் செய்தனர். எண்ணெய்க் கூட்டையுடைய அமைப்பு சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. கவைக்கரமே நிலைத்தது.

கவைக்கரங்களில் மேற்கரம் குட்டையாகவும் கீழ்க்கரம் நெடியதாகவும் இருப்பதற்கும் காரணம் உண்டு. வளைவில் செல்லும்போது வண்டியுடல் வெளிப்பக்கம் சாயும். சக்கரமும் உடலோடு சேர்ந்து சாய்ந்தால் டயரின் ஓரம் மட்டுமே சாலையில் படியும். மேற்கரம் குட்டையாயிருப்பின், சக்கரம் எழும்போது அதன் உச்சி உட்பக்கமாக இழுக்கப்படும். டயர் தட்டையாகப் படிந்து சாலையைப் பற்றும்.

ஏற்கப்படாத வண்டியும் ஏற்கப்பட்ட கருத்தும்

கவைக்கரம் சிறந்தது, ஆனால் விலை மிகுந்தது, இடமும் மிகுதியாகக் கொள்வது. எளியவர்க்கான சிறு வண்டிக்கு அது பொருந்துமா என்ற வினா இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்தது. 1948இல் பிரிட்டனில் வெளிவந்த மாரிஸ் மைனர் ஒரு விடை கூறிற்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அவ்வண்டியில் வில்லுக்கு மாறாக முறுக்குத் தண்டு இருந்தது. அதிர்வுத் தாங்கியின் நெம்புகோலே மேற்கரமாகவும் பயன்பட்டது. மலாயாச் சாலைகளிலும் ஓடிய அவ்வண்டியின் முன்சக்கரம் திருகு மூட்டு ஒன்றில் நின்றது. தவறாமல் கிரீஸ் இட்டு வந்தால் அம்மூட்டு நெடுநாள் உழைக்கும். கிரீஸ் இடாது விட்டாலோ, தேய்ந்து கழன்று, சக்கரம் மடிந்து வண்டி மண்ணில் அமர்ந்துவிடும்.

மற்றொரு விடையைக் கூறியவர் அமெரிக்கரான ஏர்ல் மாக்பர்சன். 1945இல் செவ்ரொலே நிறுவனத்தின் சிறு வண்டித் திட்டத்திற்கு அவர் தலைமை ஏற்றார். ஆயிரம் டாலருக்குள் விற்கத்தக்க வண்டி ஒன்றைச் செய்வதே திட்டம். கேடட் எனப் பெயரிடப்பட்ட அவ்வண்டிக்காக மாக்பர்சன் ஓர் எளிய அமைப்பை வகுத்தார். மேற்கரத்தை அவர் அறவே நீக்கினார். அதிர்வுத் தாங்கியையே உறுதியான தூணாக்கி, சுருள்வில்லை அதனோடு இணைத்து, அதன் உச்சியை வண்டியுடலில் பொருத்தினார். எஞ்சியது கீழ்க்கரம் ஒன்றே. உறுப்புகள் குறைந்தன, விலை குறைந்தது, எஞ்சினுக்கு இருபுறமும் இடம் கிடைத்தது.

ஆனால் 1947இல் கேடட் திட்டம் கைவிடப்பட்டது. பெரிய வண்டிகளே நன்கு விற்ற அந்நாளில், சிறு வண்டியால் ஊதியம் கிட்டாது என்று நிறுவனம் எண்ணியது. மாக்பர்சன் அவ்விடம் விட்டு நீங்கி ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார். 1950ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் பிரிட்டிஷ் ஃபோர்டு நிறுவனம் வைத்த கான்சல், செஃபிர் என்னும் வண்டிகளில் அவருடைய தூண் அமைப்பு உலகிற்கு அறிமுகமாயிற்று. தான் பிறந்த நிறுவனம் ஏற்காத கருத்து, கடல் கடந்து சென்று வாழ்வு பெற்றது. மாக்பர்சன் 1960இல் மறைந்தார். அதன்பின் உலகில் ஓடிய சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவை அவர் வகுத்த தூணின்மேலேயே முன்சக்கரத்தை நிறுத்தின.

குடும்ப வண்டி பந்தயத்திற்குச் சென்ற கதை

மேற்கரம் நீங்கியதால் கீழ்க்கரத்தின் பொறுப்பு பெரிதாயிற்று. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும். வளைவில் பக்கவாட்டில் தள்ளப்படும். இவ்விரண்டையும் அடியில் தாங்குவது கீழ்க்கரமே. குடும்பம் செல்லும் வண்டியையே வேகப் பந்தயத்திற்கும் தகுதியாக்க முயன்றபோது, பொறியாளரின் கண் இக்கரத்தின்மேல் விழுந்தது இயல்பே.

1963இல் ஃபோர்டு கார்ட்டினாவை எடுத்து, காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் லோட்டஸ் கார்ட்டினாவாக மாற்றியது. முன்புறத் தூண்கள் சுருக்கப்பட்டன. சாதாரணக் கரங்களுக்கு மாறாகக் காய்ச்சி அடித்து உருவாக்கிய வலிய கரங்கள் பொருத்தப்பட்டன. அடுத்த ஆண்டே, 1964இல், ஜிம் கிளார்க் அவ்வகை வண்டியில் பிரிட்டிஷ் செடான் பந்தயத் தொடரின் வாகையைச் சூடினார்.

ஜெர்மனியில் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. 1959ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், நட்டத்தில் மூழ்கியிருந்த பிஎம்டபிள்யூ நிறுவனத்தை டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு சேர்த்துவிடும் திட்டம் பங்குதாரர் கூட்டத்தில் வைக்கப்பட்டது. சிறு பங்குதாரரும் விற்பனையாளரும் எதிர்த்து நின்றமையால் அது நிறைவேறவில்லை. ஹெர்பர்ட் குவாண்ட் தம் பொருளை இட்டு நிறுவனத்தை நிறுத்தினார். 1961இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்ட 1500 என்னும் நான்கு கதவு வண்டிதான் அதன் மறுவாழ்வுக்குக் கால்கோள். அதன் முன்புறத்தில் நின்றது மாக்பர்சன் தூணே. விலை குறைந்த வண்டிக்கென்று பிறந்த அமைப்பு, விரைந்து செல்லும் 'ஸ்போர்ட்ஸ் செடான்' வகைக்கும் அடித்தளமாயிற்று.

அவ்வழியில் வந்த மூன்றாம் வரிசை வண்டியின் 1982ஆம் ஆண்டு மாதிரியில், பிறை போல் வளைந்த கீழ்க்கரம் அமைந்தது. அதன் பின்முனை 'புஷ்' எனப்படும் ரப்பர் வளையம் ஒன்றினுள் செருகப்பட்டிருந்தது. 1986இல் பந்தய விதிகளுக்கு ஏற்ப எம் 3 என்னும் வண்டியை உருவாக்கியபோது, அந்த ரப்பர் வளையத்தின் துளையை நடுவிலிருந்து சற்று விலக்கி வைத்தனர். அதனால் சக்கரம் சிறிது முன்னே சென்றது. அது திரும்பும் அச்சுக்கோடு பின்னோக்கி மிகுதியாகச் சாய்ந்தது.

இச்சாய்வின் பயனை மிதிவண்டியில் காணலாம். மிதிவண்டியின் முன்கவை சாய்ந்தே இருக்கும். அதனால்தான் கைப்பிடியை விட்டாலும் சக்கரம் நேரே செல்ல முனைகிறது. காரிலும் இச்சாய்வு மிகுந்தால், விரைவில் நேரோட்டம் உறுதிப்படும். வளைவில் சக்கரம் சாலையின்மேல் நன்கு படியும். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் வளையம் ஒன்றில் துளை சற்று இடம்பெயர்ந்ததன் விளைவு இது. எம் 3 வண்டியில் 1987ஆம் ஆண்டின் உலகச் சுற்றுலாக் கார் பந்தயத்தில் இத்தாலியரான ராபர்ட்டோ ரவாலியா ஓட்டுநர் வாகையை வென்றார். சாதாரண மூன்றாம் வரிசை வண்டியை வைத்திருந்தோர் பலரும் எம் 3 வளையத்தை வாங்கித் தம் வண்டிகளில் பொருத்தத் தொடங்கினர்.

மேம்பாடும் அதற்குரிய விலையும்

இவ்வாறு பந்தயக் களத்தில் பிறந்த மாற்றங்கள் தனியார் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. எஃகுக் கரத்திற்கு மாறாக அலுமினியக் கரம், ரப்பருக்கு மாறாக இறுகிய பாலியூரித்தேன் வளையம், வளையமே இல்லாத உலோகப் பந்துமூட்டு, நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் திருகுக் கரம் என அவை பலவகைப்படும். கரம் இலேசானால் சக்கரம் சாலையின் நெளிவுகளை விரைந்து பின்தொடரும். வளையம் இறுகினால் ஸ்டீயரிங்கின் ஏவலுக்குச் சக்கரம் உடனே பணியும்.

எனினும் எதுவும் விலையின்றி வருவதன்று. ரப்பர் வளையம் நெகிழ்வது குறையன்று. சாலையின் அதிர்வு உடலை அடையாமல் தடுப்பதற்கென்றே அது நெகிழ்கிறது. அதை நீக்கினால் ஓசையும் அதிர்வும் வண்டியினுள் புகும். கரம் மடங்க வேண்டிய இடத்தில் மடங்காவிட்டால், தாக்குதல் அது பொருந்தியுள்ள சட்டத்தைச் சென்றடையும். கரத்தை மாற்றியபின் சக்கரங்களின் கோணங்களை மீண்டும் அளந்து சீர்செய்யாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கைவினையாளர் அறிந்த நுட்பம் ஒன்றும் உண்டு. ரப்பர் வளையத்தின் ஆணியை, வண்டி தூக்கி நிறுத்தப்பட்டுச் சக்கரங்கள் தொங்கும் நிலையில் முடுக்கலாகாது. வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய நிலையிலேயே முடுக்க வேண்டும். இன்றேல் வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுகியே நின்று, விரைவில் கிழிந்துபோகும். விலையுயர்ந்த புதிய கரமும் இவ்வொரு பிழையால் வீணாகும்.

ஒரு கரம் பலவாதல்

பிற்கால வளர்ச்சியைச் சுருங்கக் கூறலாம். 1977இல் பிஎம்டபிள்யூ ஏழாம் வரிசை வண்டியில் ஒரு கீழ்க்கரத்திற்கு மாறாக இரு தனிக்கரங்கள் அமைந்தன. 1994இல் வெளிவந்த ஆடி ஏ 4 வண்டியில் பக்கத்திற்கு நான்காக முன்புறத்தில் 8 கரங்கள் இடம்பெற்றன. 1995இன் பிஎம்டபிள்யூ ஐந்தாம் வரிசையில் அலுமினியத் தாங்கமைப்பு பேரளவு உற்பத்திக்கு வந்தது. கரங்கள் பெருகப் பெருகச் சக்கரத்தின் போக்கு நுண்மையுற்றது. தேயும் மூட்டுகளும் கூடவே பெருகின.

வரலாறு எப்போதும் ஒரு திசையிலேயே செல்வதில்லை என்பதற்கும் இங்குச் சான்றுண்டு. ஹோண்டா நிறுவனம் 1987ஆம் ஆண்டு சிவிக் வண்டிக்கு இரட்டைக் கவைக்கரங்களை அளித்தது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த தலைமுறையில், இடமும் செலவும் கருதி, அதுவே மாக்பர்சன் தூணுக்குத் திரும்பியது. மறுபுறம், தூணையே நெடுங்காலம் போற்றிய பிஎம்டபிள்யூ, 2008இல் ஏழாம் வரிசைக்கு இரட்டைக் கவைக்கரங்களை ஏற்றது.

மலேசியாவும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளியிடப்பட்ட புரோட்டோன் சாகாவின் முன்சக்கரங்கள் மாக்பர்சன் தூணிலேயே நின்றன. 1996இல் புரோட்டோன் நிறுவனம் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. கார்ட்டினாவின் கரங்களை மாற்றியமைத்த மரபு, அவ்வாறு மலேசிய நிறுவனம் ஒன்றின் உடைமையாயிற்று. 2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் லோட்டஸின் பெரும்பங்கை வாங்கும்வரை அவ்வுறவு நீடித்தது.

நிறைவுரை

முன் அச்சு நீங்கிக் கரம் வந்த இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஒன்று, நல்ல கருத்து ஓரிடத்தில் மறுக்கப்பட்டாலும் மடிந்துவிடுவதில்லை என்பது. கேடட் வண்டி பிறக்கவில்லை, அதன் தூண் உலகெங்கும் நிற்கிறது. மற்றொன்று, ஓர் உறுப்பை மேம்படுத்துவோர் அதனோடு பிணைந்த எல்லா உறுப்புகளின் வலிமையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது. புதிய கரம் தாங்காத பாரம் மறைந்துபோவதில்லை. அது வேறோர் உறுப்பின்மேல் சென்று அமர்கிறது.

வண்டியின் அச்சைக் காட்டி வள்ளுவர் வலியறிதலை உணர்த்தினார். அச்சு போய்க் கரம் வந்தது, கரம் ஒன்று பலவாயிற்று, எஃகு அலுமினியமாயிற்று. வலியறிந்து செய்க என்னும் அறம் மட்டும் மாறவில்லை.